பார்க்காத படத்துக்குப் போட்ட கையெழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊழியர் குடியிருப்பின் திரைப்படக் கழகத்துக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தேன். வாராவாரம் அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்தோடு ஒரு படப் பரிந்துரை வரும். அவற்றில் முக்கால்வாசிப் படங்களை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர் மரியதாஸ் என்ற வெல்டர். அவர் வாயால் சொன்னதை நான் நல்ல தமிழில் எழுதி என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அதே கழகத்தில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கவிருந்தபோது, ஒரு வாக்கியம் சொல்லி அதைக் கெடுத்தேன்.

என் உத்தியோகம் தரப் பரிசோதனை. குழாய்களையும் கலன்களையும் வெல்டிங் செய்யும் ஷாப்பில், ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி சொன்னார்: "கண்ணால பாக்காத ஜாயின்ட்டுக்கு ஸைன் போடாதீங்க. பிரம்மாவே வந்து நல்லா இருக்குன்னு சொன்னாலும் போடாதீங்க." ஓய்வு பெறும் வரை அதை மீறியதில்லை. ஷாப்புக்குள் மீறியதில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

சூடு தணியும் நேரம்

கனமான ஜாயின்ட்டை ஒரே மூச்சில் வெல்டிங் செய்ய முடியாது. ஒரு பாஸ், அதாவது ஓர் அடுக்கு, போட்டுவிட்டு, குறிப்பிட்ட அளவுக்குச் சூடு இறங்கிய பிறகுதான் அடுத்த பாஸ். அதுவரை வெல்டரும் இன்ஸ்பெக்டரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மரியதாஸ் படம் சொல்லுவார்.

சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஞாயிறு பகல் காட்சிக்குச் செங்கல்பட்டு போய்விடுவார். திங்கட்கிழமை முதல் பாஸ் முடிந்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ஆரம்பிப்பார்.

"சார், கதை பழசுதான். ஆனா அப்பனும் புள்ளையும் பேசிக்காம சாப்புட்டுகினு கீறாங்க பாருங்கோ, அங்க கேமராவ நவுத்தவே இல்ல. ரசம் ஊத்தற சத்தம் மட்டும் கேக்குது."

இரண்டாவது பாஸில் இடைவேளை வந்துவிடும். மூன்றாவதில் கிளைமாக்ஸ். படம் மோசமென்றால் முதல் பாஸோடு சரி. "இன்னாத்துக்கு சார் அது, உடுங்கோ. உங்க வூட்டம்மாவ இட்டுகினு பீச்சுக்குப் போங்கோ."

சனிக்கிழமை மாலை கழகம் திறந்தவெளி மேடையில் போடுவது பெரும்பாலும் அவர் எப்போதோ பார்த்துவிட்ட படமாக இருக்கும். அவர் சொன்ன ரசம் ஊற்றும் சத்தம் என் எழுத்தில், 'மௌனத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட தமிழ்ப்படம் அண்மையில் இல்லை' என்று பலகையில் ஏறும். கேன்டீனில் என்னை நிறுத்திக் கை கொடுப்பார்கள். நானும் கொடுப்பேன். சனிக்கிழமை சீட்டுக்கட்டு நண்பர்கள் காத்திருப்பார்கள் என்பதால் படத்துக்கு மட்டும் உட்காரமாட்டேன்.

யானை

ஒரு திங்கட்கிழமை, அந்த வாரம் வரப்போகும் குடும்பப் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்டர்வலுக்கு அப்பால ஒரு யானை வரும் சார். நேரா கல்யாண வூட்டுக்குள்ள பூந்துடும். அல்லாரும் தெறிச்சு ஓடறான். அந்தப் பொண்ணு மட்டும் கிட்ட போயி வாழப்பழம் குடுக்குது. யானை அழுவுது சார்."

'இடைவேளைக்குப் பின் வரும் யானைக் காட்சியைக் குழந்தைகள் தவறவிடக் கூடாது' என்று எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. குழந்தைகள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள். கூட்டத்தை வேடிக்கை பார்க்க நானும் நின்றேன். இடைவேளை முடிந்தது. கல்யாண வீடு வந்தது. குழந்தைகள் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை வந்தார், சமையல்காரர் வந்தார், கடைசியில் வணக்கம் வந்தது. யானை வரவில்லை.

"அங்கிள், யானை எங்க?" என்று ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பிரின்ட்ல கட் பண்ணிட்டாங்கம்மா" என்றேன்.

பின்னால் நின்ற நூலகர் பத்மா மேடம் மெதுவாகக் கேட்டார்: "டிவியில முழுசா போட்டாங்களே சார், அதுலயும் இல்லையே?"

திங்கட்கிழமை மரியதாஸிடம் போனேன். அவர் ஹெல்மெட்டை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னா சார், யானை வந்துச்சா?"

குரல் நிதானமாகத்தான் இருந்தது. தோள்தான் குலுங்கியது.

"ஏன் மரியதாஸ் இப்படிப் பண்ணினீங்க?"

"எங்கைல வர ஜாயின்ட்ட நீங்கோ தெனம் செக் பண்றீங்கோ. நான் ஒருவாட்டி உங்கள செக் பண்ணக் கூடாதா?"

அங்கேயே நானும் சிரித்து, அடுத்த வாரப் பலகையில் அவர் பெயரைப் போட்டிருக்க வேண்டும். மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாக்கியம்

இரண்டு மாதம் கழித்துக் கழகத்தின் பொதுக்கூட்டம். படத்தேர்வுக் குழுவில் ஓர் இடம் காலி. குழுவில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து, மேடையேறி அதைப் பற்றிப் பேசலாம். பத்மா மேடம் மரியதாஸின் பெயரைச் சொன்னார். கடைசி வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா.

நான் எழுந்து சொன்னேன்: "அவர் விசிலடிக்கிற படத்துக்குத்தான் சரி. நம்ம கழகத்துக்கு ஒத்துவராது."

சிலர் சிரித்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள். மரியதாஸின் பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். என் வாக்கியம் சுலபமாக எடுபட்டதற்கு அதுதான் காரணம். எடுபடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு சூடு தணியும் நேரத்தில் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படம் எப்படி என்று கேட்டால், "நல்லா கீது சார்" என்பார். எல்லாப் படத்துக்கும் அதே பதில்தான். நான் சொந்தமாக எழுதிய நான்கு பரிந்துரைகளை யாரும் நின்று படிக்கவில்லை. வேலைப்பளு என்று காரணம் காட்டிச் செயலாளர் பதவியை விட்டேன்.

கட்டைவிரல்

இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. காலை வணக்கம் முடிந்ததும் படச் சண்டைதான். "முதல் அரை மணி பொறுத்துக்கோங்க, அப்புறம் பாருங்க" என்று ஒருவர் சொன்னால், "அரை மணி பொறுக்கற வயசா நமக்கு?" என்று அடுத்தவர் கேட்பார். மரியதாஸும் அதில் உண்டு. எதுவும் எழுதமாட்டார்.

போன வருடம் ஒரு நாள் யாரோ எழுதினார்கள்: 'நம்ம செயலாளர் சார் போர்டு மாதிரி இப்ப யாரு எழுதறாங்க!' அதற்குக் கீழே மரியதாஸ் ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

அந்தக் கட்டைவிரலை என்னால் தாங்க முடியவில்லை. நடந்தது எல்லாவற்றையும், பொதுக்கூட்டத்து வாக்கியம் உட்பட, எழுதி அனுப்பினேன். அரை மணி கழித்துப் பத்மா மேடம் எழுதினார்: 'யானை வராத அன்னிக்கே தெரியும் சார். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.' மரியதாஸிடமிருந்து ஒன்றும் இல்லை.

மறுநாள் பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன்.

"வாங்கோ சார். நாஸ்தா ஆச்சா?" என்றார். கூடத்தில் ஸ்டெல்லாவின் படம், அதன் மேல் சின்ன விளக்கு.

மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் படம் போடறது, மேடைல இன்னா பேசறதுன்னு ஒரு வாரமா வூட்ல பேசிக் காட்டிகினு இருந்தேன் சார். அவதான் ஆடியன்ஸு. அன்னிக்குச் சட்டைய தேச்சதும் அவதான்." படத்தின் பக்கம் கையைக் காட்டி, "இப்ப நீங்கோ எழுதினத அவளால படிக்க முடியாதே" என்றார்.

எழுந்து போய் ஸ்டெல்லாவின் படத்துக்கு முன்னால் நின்றேன்.

மாமல்லபுரத்தில் பத்மா மேடம் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் கூடிப் படம் பார்ப்போம். அன்று கழகத்தில் போட நினைத்திருந்த படத்தை அவர் அங்கே போட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

"பேசறேன். ஆனா நீங்கோ மொதல்ல முழுசா பாக்கணும். எங்கூட ஒக்காந்து, இப்பவே."

அவர் வீட்டு டிவியிலேயே பார்த்தேன். நடுவில் கண் சொக்கியது, முழங்கையால் இடித்தார். முடிந்ததும் பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன்: "முதல் பாதி பிரமாதம். ரெண்டாம் பாதி எனக்குப் பிடிக்கல."

மரியதாஸ் கைதட்டிச் சிரித்தார். "அட, சாரு சொந்தமா ஒண்ணு சொல்லிட்டாரு! ஆனா தப்பா சொல்றீங்கோ." சாயங்கால பஸ் வரும் வரை சண்டை போட்டோம்.

குரூப்பில் எழுதினேன்: 'மரியதாஸ் பரிந்துரைக்கும் படம். நானும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.' நான் எழுதிய பரிந்துரைகளில் மிகச் சின்னது அதுதான். கையெழுத்துப் போடக் கூச்சமில்லாததும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் வந்தோம். மரியதாஸ் வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார். தானே தேய்த்திருக்கிறார், ஒரு கையில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது.

"மொதல்லயே சொல்லிடறேன். இந்தப் படத்துல யானை கெடையாது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நாற்பது நிமிடம் பேசினார். முன்வரிசையில் இருந்த எங்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தே பேசினார். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

படம் முடிந்து கருத்துக் கேட்டபோது, இரண்டாம் பாதி இழுவை என்று ஒன்பது பேர் என் பக்கம் வந்தார்கள். மரியதாஸ் அசரவில்லை.

"ஜாயின்ட்டு நல்லாத்தான் கீது. இன்ஸ்பெக்டருக்குத்தான் கண்ணு சரியில்ல. இன்னொருவாட்டி பாருங்கோ சார்."

இன்னொரு முறை பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல அடுத்த ஞாயிறு சதுரங்கப்பட்டினம் போகிறேன்.