பத்தொன்பதாவது பின்னூட்டம்

ஹட்டனில் நான் வேலை பார்த்த கணினிக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுதாகி வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அட்டவணை திறக்க வேண்டும். வாடிக்கையாளர் சொல்லும் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. சரிசெய்ததும் அந்த வரிசைக்குப் பச்சை நிறம். எல்லாம் பச்சையானால் கணினியைக் கொடுத்துவிடலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது. மரக்கறி வாங்கப் போவதற்கும் பட்டியல் எழுதுகிறவள் நான்.

என் முதல் சிறுகதையையும் இப்படித்தான் பழுதுபார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கடையில் ஆள் இல்லாத மதிய வேளைகளில், தமிழில் கதை எழுதுகிறவர்கள் கூடும் இணையக் குழுமம் ஒன்றைப் படிப்பேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்தார்கள். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் யாருமில்லை. வங்கியிலோ மருந்துக் கடையிலோ வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒருவர் கதையை ஒருவர் படித்துப் பின்னூட்டம் எழுதினார்கள். நானும் ஒரு கதையைப் போட்டேன். அது என் அம்மாவுக்கு நடந்தது.

அம்மா நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். என் உயர்தரப் பரீட்சை தொடங்கிய காலை. முந்தின நாளே பட்டியல் எழுதியிருந்தேன்: பேனை இரண்டு, பென்சில், அடிமட்டம், தண்ணீர்ப் போத்தல், குடை, அடையாள அட்டை. எல்லாவற்றையும் சரிபார்த்துப் பையில் போட்டேன். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பரீட்சை அனுமதி அட்டை இல்லை என்று தெரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். பட்டியலில் எழுதவில்லை. வழியனுப்ப வந்த அம்மா கூடையை என் காலடியில் வைத்துவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். அவர் அட்டையோடு இறங்கி வரவும் பஸ் வரவும் சரியாக இருந்தது.

எனக்குப் பஸ் கிடைத்தது. அம்மாவுக்குப் பெரட்டு தப்பியது. காலையில் ஆட்களை எண்ணி மலைமலையாகப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அது முடிந்தபின் வருகிறவர்களை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எடுக்கமாட்டார். வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அன்றைய நாள் போனதுதான்.

மாலையில் நான் திரும்பியபோது அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். “எப்படி எழுதுன?” என்று கேட்டார். அவ்வளவுதான். விரட்டிவிட்ட விஷயத்தைப் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். அச்சில் வந்ததும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டால் நான் சொல்லாததைக் கதை சொல்லிவிடும் என்பது என் திட்டம்.

குழுமத்தில் முப்பத்தொரு பின்னூட்டங்கள் வந்தன. நான் அட்டவணை திறந்தேன். “மழை பெய்தால் இன்னும் உருக்கமாக இருக்கும் தோழி” என்றார் ஒருவர். மழை எல்லாக் கதையிலும் பெய்கிறது என்றார் இன்னொருவர். இருவரும் பச்சையாக வேண்டும் என்பதால் மழையைப் பாதிக் கதையில் நிறுத்தினேன். கண்டாக்கு இன்னும் கொடியவராக வேண்டும் என்றார்கள். அம்மாவைப் பிடித்துத் தள்ள வைத்தேன். அம்மா அழவே இல்லையே என்று ஐந்து பேர் கேட்டார்கள். கூடையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க அழ வைத்தேன். ஆறு பக்கக் கதை பதினான்கு பக்கமானது.

பச்சையாகாமல் நின்றது ஒரே வரிசை. மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண் எழுதியது. “எங்க தோட்டத்துலயும் இப்படித்தான். திருப்பி அனுப்புன பிறகு அம்மா அன்னிக்கு முழுக்க என்ன செஞ்சாங்க?” அதற்கு எதிரே, ‘திருத்தம் அல்ல, கேள்வி’ என்று குறித்துச் சாம்பல் நிறம் பூசினேன்.

அச்சுக்குத் தயார் என்று குழுமம் சொன்னது. கொழும்பில் இருந்து வந்த ஒரு சிறு மாத இதழுக்கு, இது என் அம்மாவுக்கு நடந்தது என்று குறித்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் தடித்த உறை திரும்பி வந்தது.

முதலில் கண்ணில் பட்டது கோடுகள்தான். மழை முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது, காரணம் எழுதவில்லை. பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடுகள். கண்டாக்கு தள்ளும் இடத்தில் ஓரத்தில் சிறிய எழுத்தில், ‘இவர் இதைச் செய்தாரா?’ என்று இருந்தது. செய்யவில்லை. அந்த மனிதருக்கு வாய்தான் கடுமையே தவிர, யார் மேலும் கை வைத்ததில்லை. அழுகைப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு: ‘அந்த நேரம் நீங்கள் பரீட்சை மண்டபத்தில் இருந்தீர்கள். அம்மா அழுதது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ இரண்டு வாரத்துக்குள் பதில் வந்தால் அடுத்த இதழில் போடலாம், வராவிட்டால் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

குழுமத்தில் முறையிட்டேன். உடனே ஆதரவு வந்தது. “அவங்களுக்கு மனசே இல்லை போல.” “வேற பத்திரிகைக்கு அனுப்புங்க தோழி.” படிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் கடை தொலைபேசியில் இதழாசிரியரை அழைத்தேன். யாழ்ப்பாணத்துப் பெண்.

“மிஸ், ஹட்டன்லருந்து பேசுறேங்க. பெரட்டுக் கதை அனுப்புனது நான்தாங்க.”

“மிஸ் எண்டு சொல்லாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் படிப்பிக்கிறேல்லை. சொல்லுங்கோ.”

“அந்தக் கதைய முப்பத்தொரு பேர் படிச்சாங்க. அழுதுட்டோம்னு எழுதியிருக்காங்க.”

“நல்லது. அம்மா வாசிச்சவவோ?”

“இல்லைங்க.”

“அண்டைக்கு என்ன செய்தவ எண்டு அவவைக் கேட்டனீங்களோ?”

“அதக் கேக்கலைங்க.”

“கேட்டுட்டு எழுதுங்கோ. உண்மையா அழுதவ எண்டால் அந்தப் பக்கத்தை நான் தொடமாட்டன்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா பீலியடியில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். பீலியில் இருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

“அம்மா, என் சோதனை அன்னிக்கி ஒங்கள வெரட்டிட்டாங்கல்ல? பொறகு பூரா நாளும் என்ன செஞ்சீங்க?”

“எந்தச் சோதன?”

“நான் அட்டைய மறந்துட்டுப் போனேனே.”

“அதுவா. தூங்குனேன்.”

“தூங்குனீங்களா?”

“ஆமா. கண்டாக்கு ஐயா வீட்டுக்குப் போன்னாரு, சரிங்கன்னு வந்துட்டேன். ஒங்கப்பா வேலைக்குப் போயாச்சு, நீயும் இல்ல. கதவச் சாத்திக்கிட்டுப் படுத்தேன். மத்தியானம் கொழுந்து ஸ்டோர்ல வேலைக்குக் கூப்புடுற சங்கு ஊதுச்சு. ஊதட்டும்னு பொரண்டு படுத்தேன். இந்த லயத்து வீட்டுக்கு வந்த நாள்லருந்து பகல்ல அப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல.”

“அழுவலையா?”

“எதுக்கு அழுவணும்? நீதான் பஸ் ஏறிட்டியே.”

படங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவரே தொடர்ந்தார். “மறுநா பெரட்டுல ஐயா கேக்குறாரு, ஏம்மா இன்னிக்கி மட்டும் இவ்ளோ வெள்ளன வந்துட்டன்னு. இன்னிக்கும் வெரட்டுவீங்களான்னு கேட்டுட்டுப் போய்ப் படுக்கலாம்னுதாங்க வந்தேன்னேன். அத்தன பேரும் சிரிச்சாங்க, அவருந்தான். இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?”

“கதை எழுதியிருக்கேன். நீங்க அழுதீங்கன்னு.”

“அழிச்சிரு.”

பிறகு நான் அதைச் சொன்னேன். பட்டியலில் எழுத மறந்தது நான்தான், அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், மன்னிச்சிருங்கம்மா என்றேன். எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அம்மா நனைந்த படங்கின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார்.

“அந்தப் பக்கம் புடி. நல்லா முறுக்கு.”

திங்கட்கிழமை கடையில் பழைய அட்டவணையை அழிக்கத் திறந்தேன். முப்பது பச்சை வரிசைகளுக்கு நடுவில் பத்தொன்பதாவது மட்டும் சாம்பலாக இருந்தது. இதழாசிரியர் கேட்ட கேள்வியை அந்த மலேசியப் பெண் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்: அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள், நானும் போகவிட்டேன். இதழாசிரியர் பதில் இல்லாமல் அச்சிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மற்ற முப்பது பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஆசைப்பட்டதைச் சொன்னார்கள். அதையெல்லாம் குறையாக எண்ணிப் பச்சை பூசியது நான்.

அட்டவணையை அழிக்கவில்லை. பத்தொன்பதாவதுக்குப் பதில் எழுதினேன்: “தூங்கினாங்க. நல்லாத் தூங்கினாங்க.” இரண்டு நாளில் மறுமொழி வந்தது. “எங்கம்மா மீன் பிடிக்கப் போயிடுவாங்க. நாலு கெளுத்தியோட வருவாங்க.” அதை நீ எழுது, நான் முதலில் படிக்கிறேன் என்று அவளுக்கு எழுதினேன்.

தூக்கத்தோடு கதை ஐந்து பக்கமானது. அனுப்பினேன். அடுத்த இதழிலேயே வந்தது.

அம்மா எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பார். வாசல்படியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, ஒரு மணி நேரம் படித்தார். நான் உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். பெரட்டில் சிரித்த இடத்தில் அவரும் சிரித்தார். முடித்ததும் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார்.

“சங்க விட்டுட்ட.”

“நான் எழுதியிருந்தேம்மா. பத்திரிகை அக்கா வெட்டிட்டாங்க. தூக்கம்னு சொன்னாப் போதுமாம்.”

“அவுங்களுக்கு எப்படித் தெரியும்? அவுங்களா அன்னிக்கி இங்க படுத்திருந்தாங்க? சங்கு ஊதியும் எந்திரிக்கல, அதுலதான எல்லாம் இருக்கு.”

மறுநாள் கடைக்குப் போனதும் அட்டவணையைத் திறந்து முப்பத்திரண்டாவது வரிசையைச் சேர்த்தேன். குழுமத்தில் போட்ட பிரதியில் சங்கு மறுபடியும் ஊதியது. இதழாசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ‘அம்மா சொன்னது சரி. நான் வெட்டியிருக்கக் கூடாது. அடுத்த கதையை அனுப்பமுதல் அவவிடம் காட்டுங்கள்’ என்று தபாலட்டையில் பதில் வந்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.