அவர் விரலைத் தூக்கியிருந்தார்

சிங்கப்பூர்ச் சாலைகளில் மோட்டார் வண்டிகளைவிட மாட்டு வண்டிகள் அதிகம் ஓடிய காலம் அது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நான் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சியில் இருந்தேன்.

தேக்கா வட்டாரத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு வண்டிக்காரரைத் தூக்கி வந்தார்கள். மாடு உதைத்து மண்டை ஓடு நொறுங்கியிருந்தது. எலும்புச் சில்லுகளை எடுத்துத் தைத்தார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, மனிதர் பிழைத்துக்கொண்டார். புண் ஆறிய பிறகு நெற்றிக்கு மேலே, ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு எலும்பே இல்லை, தோல் மட்டும்தான். நாடியோடு சேர்ந்து அந்தத் தோல் மெல்ல எழும், தாழும்.

"தம்பி, உள்ள ஏதாச்சும் இருக்கா, பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்காரி நம்ப மாட்டேங்குறா" என்று சிரிப்பார்.

ஒரு நாள் எங்கள் ஆசிரியர் அவரை மூச்சை அடக்கச் சொன்னார். குழிந்திருந்த தோல் நிரம்பி மேலே வந்தது. துடிப்பும் பெரிதாயிற்று. வெளியேற வேண்டிய கரியமிலவாயு இரத்தத்தில் தேங்கினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், அங்கே இரத்தம் அதிகமாகப் பாயும் என்றார்.

என் வகுப்புத் தோழன் மட்டும் ஒப்பவில்லை. "மூச்சைப் பிடிச்சு முக்கினா யாருக்குத்தான் தலை வீங்காது? வாயுவாவது ஒண்ணாவது!" என்றான்.

அது என்னைக் குடைந்தது. முக்காமல், சாதாரணமாக மூச்சுவிட்டபடியே வாயு சேர்ந்தால் என்ன ஆகும்? மறுநாள் மதியம், யாரிடமும் கேட்காமல், பனிக்கட்டி வைக்கும் ரப்பர் பை ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கட்டிலில் உட்காரவைத்து, மூக்கில் பஞ்சை அடைத்து, பையின் வாயை அவர் வாயில் பொருத்தினேன். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டும்.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்கண்ணே. முடியலேன்னா விரலைத் தூக்குங்க."

அவர் தலையாட்டினார்.

அவர் முக்கவே இல்லை. பை சுருங்கியது, உப்பியது. கொஞ்ச நேரத்தில் தோல் தானாகவே எழத் தொடங்கியது. குழி மேடாயிற்று. ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. யாரும் கட்டளையிடாமலே அந்த மூளை தனக்கு வேண்டிய இரத்தத்தை வரவழைத்துக்கொள்கிறது! கோயில் கருவறைக்கு முன்னால்கூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த முஸ்லிம் வியாபாரி கத்தினார். "அடப்பாவி! அந்த மனுசன் எவ்வளவு நேரமா விரலைத் தூக்கிட்டு இருக்காரு! உன் கண்ணு அவரு மண்டை மேலயேதானா?"

குனிந்து பார்த்தேன். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. முகம் செங்கறுப்பாகி, உதடு நீலம் பூத்திருந்தது. பையைப் பிடுங்குவதற்குள் என் மேலேயே சரிந்தார். பஞ்சை உருவி எறிந்துவிட்டு அவரை உலுக்கினேன். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு ஒரு நீண்ட மூச்சு வந்தது. இன்னொன்று. கண் திறந்தார்.

"மண்டைக்குள்ள செக்கு ஓடுது, தம்பி" என்றார் முதலில். பிறகு, "நல்லாத் தெரிஞ்சுதா?"

"ஏண்ணே நீங்களே எடுக்கல?"

"நீங்க சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னீங்களே. விரலைத் தூக்கிட்டுக் காத்திருந்தேன்."

தாதி வந்து கேட்டபோது, லேசான மயக்கம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வாரமே நடந்து கொட்டகைக்குத் திரும்பினார். வகுப்பில் நான் கண்டதை விவரித்தேன். தோழன் தோற்றான், ஆசிரியர் பாராட்டினார். அனுமதி கேட்டுச் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. விரலைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

டாக்டராக வேலை பார்த்த காலமெல்லாம், நோயாளியின் எந்த இடத்தைச் சோதித்தாலும் இடையிடையே என் பார்வை அவர் கைகளுக்குப் போய் வரும். அந்தத் தோல் எழுந்த காட்சி இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம், என் வார்த்தையை நம்பிக் காத்திருந்த அந்த விரலும் கூடவே எழுகிறது.