இரண்டு பொட்டலங்களும் ஒரு வினைச்சொல்லும்

1989ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. ராஜபாளையத்தில் மாமா வீட்டில் அன்றும் வழக்கம்போலச் சித்தி, சூடு ஆறாத தேங்காயெண்ணெயை என் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் காதுமடலில் வழிய ஆரம்பிக்கும்போது அன்றைய ஆங்கிலச் சொல் வரும். கோடை விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு, இரட்டைச் சடை பின்னி முடிப்பதற்குள் ஒரு வினைச்சொல்லைக் கற்றுத் தந்துவிடுவாள். அன்றைய சொல் "வேசிலேட்".

"ரெண்டு இருக்கும். இதுவா அதுவான்னு மனசு அங்கிட்டும் இங்கிட்டும் போய்ட்டுப் போய்ட்டு வரும்," என்றாள்.

முந்தைய நாள் படித்த "ஹெசிடேட்" இதுதானே என்று கேட்டேன். இல்லையாம். ஒரே ஒரு காரியத்தைச் செய்யவோ சொல்லவோ துணிச்சல் வராமல் நிற்பது அது. இதற்குக் கட்டாயம் இரண்டு வேண்டும். உதாரணம் சொல் என்று சடையை இழுத்தாள். உதாரணம் வீட்டிலேயே இருந்தது.

"சித்தி வேசிலேட்ஸ்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏட்டி, உனக்குன்னே செஞ்சு வச்சிருக்கான் வெள்ளக்காரன்," என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்திருந்த சித்தி, எம்.ஏ. சேர மதுரைக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை வரவழைத்திருந்தாள். அதே வாரம் மாமா தேவதானத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். தென்னந்தோப்பு, வற்றாத கிணறு, நல்ல மனிதர்கள். பெற்றோர் இல்லாத அவளை வளர்த்தவர் மாமா. அவர் கேட்டபோதெல்லாம் சித்தி "பாப்பம்ணே" என்றாளே தவிர, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. "நேத்து தோப்பு எம்புட்டு ஏக்கருன்னு கேட்டா, இன்னிக்கு ஹாஸ்டலுக்கு எம்புட்டு ஆகும்னு கேக்கா," என்று அத்தை அலுத்துக்கொண்டாள்.

ஆகவே அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று மாமா தீர்மானித்தார். செவ்வரளி வந்தால் தேவதானம், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மதுரை. பூவை நானே கட்டுறேன் என்று சித்தி கேட்டு வாங்கி, பிராகாரத்தில் தனியே உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் இரண்டு பொட்டலங்கள் கட்டினாள். பட்டர் அவற்றைத் தாயாரின் பாதத்தில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். சின்னப் பிள்ளை என்பதால் எடுக்கும் பொறுப்பு எனக்கு. நான் எடுத்ததைப் பிரித்தால் வெள்ளை.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆண்டாளே சொன்னா சரிதான்," என்றார். எடுக்காத பொட்டலத்தைச் சித்தி தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் பேருந்தில் மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார். பால்கோவாவைத் தேடிச் சித்தியின் பைக்குள் கைவிட்ட நான், தப்பான பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். அதிலும் நந்தியாவட்டை. சித்தி சட்டென்று என் கையை மூடினாள்.

"சாமியவே ஏமாத்திட்டியா, சித்தி?"

"ஏட்டி, ஆண்டாளு யாரைக் கட்டணும்னு ஒருநாளாவது முழிச்சிருப்பாளா? உன் வயசுலயே முடிவு பண்ணிட்டா. அவகிட்டப் போயி இதுவா அதுவான்னு கேட்டா சிரிக்க மாட்டாளா?"

பிறகு அவளே சொன்னாள்: "அண்ணங்கிட்டச் சொல்லத்தான் வாய் வரல."

அப்படியானால் அவளுக்கு உரிய சொல் நேற்றையது என்றேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று எந்தச் சொல்லின் பொருளையும் கைபேசி நொடியில் காட்டிவிடுகிறது. என் மகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டாள். சடை பின்னும் நேரம் என்ற ஒன்றே எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை எழுதினால் மறுநாளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலை, காபி குடிக்கும் முன்பே, சித்தி மாமாவின் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, ரெண்டுலயும் வெள்ளப் பூவத்தான் வச்சேன். நான் மதுரைக்குப் போறேன்."

மாமா பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்பொ தேவதானத்துக்கு என்ன சொல்ல? கார்டு போட்டுரவா... கார்டு போட்டா மரியாதையா இருக்காதே. நேர்ல போவமா... நேர்ல போயி அவிய மூஞ்சில எப்படி முழிக்க?"

"நேர்லயே போங்கண்ணே. நல்ல மனுசங்கன்னு நீங்கதான சொன்னிய."

மாமா எழுந்து சட்டையைத் தேடினார்.