யார் போட்ட பூ

கள்ளக்குறிச்சியில் எங்கள் கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் என் மனைவியின் தையல் மிஷின். அதற்குப் பின்னால் கம்பியில் ஒரு பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டியிருந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்து சேலைகளிலும் ஜாக்கெட் துணிகளிலும் பூ வரைந்துகொண்டிருப்பேன். வரைகிறவன் நான் என்பது பல வருஷம் வெளியில் யாருக்கும் தெரியாது. என் மனைவிதான் தைக்கிறாள், அவளேதான் வரைகிறாள் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களாகத் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அதுவாக அப்படி அமைந்துவிட்டது.

அதற்கு முன்னால் நான் வண்டிகளுக்கு வரைந்துகொண்டிருந்தேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்பலகையில் தாமரை, மயில், ஓடுகிற குதிரை, குலசாமியின் பெயர். அரவை தொடங்கும் முன்பு வண்டிக்காரர்கள் வரிசையாக வருவார்கள். மற்ற மாதங்களில் கை சும்மா இருக்கும். பெயிண்ட் வாடை வருஷக்கணக்கில் உள்ளே போய் எனக்கு மூச்சிரைப்பு வந்தது. டாக்டர் அந்த வேலையை விட்டே ஆக வேண்டும் என்றார். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். மனைவியின் தையலில் குடும்பம் ஓடியது.

அந்தச் சமயத்தில் அவளுடைய சித்தப்பா வீட்டில் ஒரு கல்யாணம். கருநீலத்தில் தனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டி வைத்திருந்தாள். தைக்கும் முன்பு துணியை என் மடியில் போட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே, இதில் ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்றாள். நோட்டுப் புத்தகக் கடையில் துணிக்கென்றே விற்கிற பெயிண்ட் கிடைத்தது. தண்ணீரில் கலக்குவது, வாடையே இல்லை. முதுகுப் பக்கம் ஒரு முல்லைக் கொடியும் நிறைய மொட்டுகளும் போட்டேன். பலகையில் வழுக்கிக்கொண்டு போகிற பிரஷ் துணியில் தயங்கித் தயங்கித்தான் போனது. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. காய்ந்த பிறகு மறுபக்கம் இஸ்திரி போட்டு, அவள் தைத்துக்கொண்டாள்.

கல்யாண வீட்டில் பெண்கள் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, வீட்டிலேயே போட்டது என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மற்றதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த வாரமே ஒரு அம்மாள் ஜாக்கெட் துணியோடு வந்தார். அளவு கொடுத்துவிட்டு, கொடி தோள் வரைக்கும் ஏற வேண்டும் என்று தன் முதுகிலேயே கையை வைத்துக் காட்டினார். வரைவது என் வீட்டுக்காரர் என்று மனைவி சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல வேளமா, நீயே போடற. ஆம்பள கையில ஜாக்கெட்டு துணிய குடுத்துட்டு எப்டி இருக்கறது?"

நான் அடுக்களை வாசலில் நின்று இதைக் கேட்டேன். அவர் போன பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். மறுநாள் கம்பி கட்டித் தடுப்பு போட்டோம்.

வேலை பெருகியது. காலை வெளிச்சம் வந்ததும் சேலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உட்காருவேன். முன்பக்கம் நடக்கிற பேச்செல்லாம் காதில் விழும். "அக்கா, போன தடவ போட்ட தாமர அப்படியே தண்ணியில மெதக்கற மாதிரி இருந்துது" என்று ஒரு பெண் சொன்னால், எனக்குப் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து போய் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருக்கும். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், இப்படிப்பட்ட மனைவி அமைய நான் கொடுத்துவைத்தவன் என்பார்கள். ஒருமுறை என் நகத்தில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்து, அக்காவுக்குக் கலர் கலந்து கொடுப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரும்பாலான நாட்களில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. சில நாட்களில் இருந்தது.

அப்போதெல்லாம் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அவள். நூல்கண்டுகளைத் துணிமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இந்த அரக்குக்கு இந்தப் பச்சை என்று எடுத்துத் தருவாள். நான் அதே பச்சையைக் கலந்து போடுவேன். அதை ஒரு தனி வேலையாக நான் நினைத்ததே இல்லை.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மகளிர் குழுவை நடத்துகிற பெண் பேங்க் வேலையாகக் கள்ளக்குறிச்சி வந்தவர், எங்களிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். சட்டத்திலிருந்து கழற்றி முன்னறையில் காயப்போட்டிருந்த மயில் சேலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் குழுப் பெண்கள் கைத்தொழில் ஏதாவது கற்றுக்கொள்ளக் கேட்கிறார்கள், ஒரு நாள் மேலே வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டார். வேலை ஜாஸ்தி என்று அவள் தட்டிக்கழித்தாள். தைத்ததை வாங்க வந்தபோது மறுபடியும் கேட்டார். இந்த முறை அவள் சரி என்று சொல்லிவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் என் பிரஷ் நின்றுவிட்டது.

அவர் போனதும், என்ன காரியம் செய்தாய் என்று கேட்டேன்.

"மாடியில துணி காயப்போடறப்போ தெனமும் அந்த மலைய பாத்துக்கினு இருக்கேன். ஒருவாட்டிகூட ஏறினது கெடையாது. கூப்டாங்க, போவணும்னு இருந்துது" என்றாள்.

சரி, ஒரே ஒரு பூவாவது கற்றுக்கொள் என்று பழைய துணியை விரித்து உட்கார வைத்தேன். ஊசியை அவ்வளவு லாவகமாகப் பிடிக்கிறவளுக்குப் பிரஷ் பிடிபடவில்லை. அழுத்திப் பிடித்தாள். போட்டதெல்லாம் வட்டமாக, கெட்டியாக வந்தது. அவளே பார்த்துவிட்டு, தைக்கிறவள் போட்டால் பட்டன் மாதிரிதான் வரும் என்று சிரித்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். வருகிறேன் என்று சொல்லியாயிற்று, போகத்தான் வேண்டும் என்றாள்.

பெயிண்ட் டப்பாக்களையும் துணிகளையும் இரண்டு பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கரும்பு வயல்கள் முடிந்து, ரோடு மலையில் வளைய ஆரம்பித்தது. அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் தலை சுற்றுகிறதோ என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். வாங்கி முகர்ந்துவிட்டு, தலை சுற்றவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் தையலைப் பற்றியே பேசி நேரத்தை ஓட்டிவிடலாம், கேட்டால் பெயிண்ட் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது.

ஓடு போட்ட ஒரு கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார்கள். குழுவை நடத்துகிற பெண் என் மனைவியைப் பற்றியும் கடையில் பார்த்த மயில் சேலையைப் பற்றியும் நன்றாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். இவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல ஒன்னு சொல்லிடறேங்க. பூ போடறது நான் இல்ல. இவருதான். நான் தைக்கிறவ. எல்லாரும் நான்னு நெனச்சிக்கினாங்க, நாங்களும் அப்டியே வுட்டுட்டோம். இங்க வந்து போடத் தெரியாம நிக்கறதுக்கு, சொல்லிடறது மேலுன்னு தோணுச்சு."

எங்களை அழைத்திருந்த பெண்ணுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் எல்லாரும் சுவரோரம் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்திதான் முதலில் பேசினாள்.

"அப்ப அந்தச் சேலையில மயிலு இருந்துதாமே?"

"அதுவும் அவருதாங்க."

"ஆம்பள போட்டா மயிலு ஆடாதா இன்னா? இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. ஒக்காந்து சொல்லிக் குடுங்க."

சிரிப்பு எழுந்தது. பாயை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

நாலு பேர் பார்க்க நான் துணியில் முதன்முதலாக வரைந்தது அன்றைக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடு தெரிந்தது. அந்த இலை விரல் விரித்த கை மாதிரி இருப்பதால், மனைவி எடுத்துக் கொடுத்த நிறங்களில் அதையே போட ஆரம்பித்தேன். இரண்டாவது இலையை முடிக்கும்போது தள்ளி உட்கார்ந்தவர்கள் தாங்களாகவே நெருங்கி வந்தார்கள். அப்போது ஒருத்தி, இலை பச்சைதானே, காம்புக்கு ஏன் செங்கல் நிறத்தை எடுத்தீர்கள், எது எதோடு சேரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன்.

அவள் பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து வெள்ளைத் துணிமேல் பரப்பினாள். இரண்டை ஒட்டி வைத்தாள், ஒன்றை எடுத்தாள், வேறொன்றை வைத்தாள். கண் எதில் போய் நிற்கிறது என்று கேட்டாள். ஒருத்தி ஒன்றைச் சொல்ல, இன்னொருத்தி மறுத்துச் சொல்ல, கூடம் கலகலப்பாகிவிட்டது. நான் ஈரப் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கடையில் வந்து பாராட்டியவர்களில் பாதிப் பேர் நிறத்தைத்தான் பாராட்டினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பாராட்டெல்லாம் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சாயங்காலம் கிளம்பும்போது ஒரு கூடைப் பலாச்சுளையை எங்களிடம் கொடுத்து, மறுபடி வரச் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு நாங்களும் சாப்பிட்டுக்கொண்டே இறங்கினோம். அவள் ஜன்னல் வழியே மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சேதி எங்கள் தெருவுக்கு வந்துசேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பெண் கொடுத்திருந்த துணியை அவசரம் என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். என் மனைவி மடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் கேட்கவில்லை. நான் வெளியே போய் எதிரில் உட்கார்ந்தேன். மலையில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். கடை சில மாதம் மந்தமாக இருந்து, பிறகு மெல்லப் பழையபடி ஆயிற்று. புதிதாகச் சிலர் வந்தார்கள். தடுப்புத் துணியை அவிழ்த்துத் துவைத்து, தலையணை உறையாகத் தைத்துவிட்டாள்.

எங்களுக்கு நெடுநாள் வாடிக்கையாக ஒரு டீச்சர் உண்டு. எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று ஒரே வார்த்தை சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவர். ஒரு சனிக்கிழமை அவர் வந்து, என் மனைவியைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நின்றார். பையிலிருந்து போன பொங்கலுக்கு வாங்கின சேலையை எடுத்து விரித்தார். முந்தானையில் நான் போட்ட கிளிகள் வரிசையாக இருந்தன.

"இந்தக் கிளிங்களுக்கு மூக்கப் பாருங்க. கோழி மூக்கு மாதிரி இருக்குது. வாங்கின அன்னிக்கே பாத்தேன். தங்கச்சி போட்டதுன்னு நெனச்சி, மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"எங்கிட்ட சொன்னா பரவால்லீங்களா டீச்சர்?"

"நீங்கதான போட்டது? உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா."

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பொங்கல் நேரத்தில் அவசரமாகப் போட்டவை அவை. முந்தானையைச் சட்டத்தில் கட்டி, மெல்லிய பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு மூக்கையும் கொஞ்சம் நீட்டி உள்பக்கமாக வளைத்தேன். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், போதும், இதற்குக் கண்ணையும் பெரிதாக்குங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு எரிச்சலும் வரவில்லை. பெரிய சந்தோஷமாக இருந்தது. காய்ந்ததும் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். இப்போதுதான் கிளி என்று சொல்லி மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது, அந்த மூக்கு அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அன்னிக்கே தெரியும்" என்றாள்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, டீச்சர் சொன்ன அதே காரணத்தைச் சொன்னாள். இனிமேல் இருந்தால் சொல்லிவிடு என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சட்டத்தில் அன்று காலையில் நான் முடித்து வைத்திருந்த சேலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாப்பிட்டு முடியட்டும், சொல்கிறேன் என்றாள்.