எத்தனை மணிக்கு விடுவீக?

ஓசூரில் எங்கள் நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு, மிச்சமிருந்த மூலையில் என் வீட்டுக்காரர் வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். ஒவ்வொன்றும் ஒரே அறை, ஓரத்தில் ஒரு சமையல் மேடை. தெற்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள்தான் குடியிருக்கிறார்கள். வாடகை வாங்குகிறவள் நான், ருக்மணி. தெருவில் சத்தம் போடுகிறவளும் நான்தான். என் வாய்க்குப் பயப்படாதவன் இந்தத் தெருவில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் இருளாயியின் புருஷன் சுடலைமுத்து.

இருளாயிக்குச் சாயல்குடிப் பக்கம். செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பகல் வேலை. அவனுக்கு இரும்பு அடிக்கிற பட்டறைக் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் ஒரு பஸ் இவளை ஏற்றிக்கொண்டு போகும், சற்று நேரத்தில் இன்னொரு பஸ் அவனை இறக்கிவிடும். குளித்து, தின்று, ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு படுத்தான் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். நடுவில் யாராவது எழுப்பிவிட்டால் தீர்ந்தது. டம்ளர் உருண்டாலும் அடி, பிள்ளைகள் சிரித்தாலும் அடி.

"அவுக தூக்கம் கெட்டா மனுசனா இருக்க மாட்டாகக்கா" என்பாள் இருளாயி.

"நல்லா தூங்கி எந்திரிச்சா மட்டும் மனுசனாடி?" என்று கேட்பேன்.

இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வினிதாவுக்குப் பதினான்கு வயது. சின்னவன் சுபாஷ் மூன்றாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும் பகலில் அவை தப்பித்துக்கொள்ளும். கோடை விடுமுறை வந்தால்தான் நரகம். ஒரே அறையில் அந்த ஆள் தூங்க, இதுகள் நாள் முழுக்க அவன் பக்கத்தில் கிடக்க வேண்டும். போன வருஷம் மே மாதத்தில் சுபாஷ் ஒரு பந்தைச் சுவரில் அடித்துவிட்டான். அதே சுவரில் சுடலைமுத்து பிள்ளையின் தலையை மோதினான். காதுக்கு மேலே தையல் போட்டார்கள். வழுக்கி விழுந்தான் என்று இருளாயி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள், பைத்தியக்காரி. நான் அவன் வாசலில் நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கோபம் வந்தால் எனக்குத் தெலுங்குதான் வரும். அவன் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பிள்ளைகளை ஊருக்கு அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். இருளாயிக்கு அம்மா இல்லை. மாமியார் வீட்டில் மாமனார் இருக்கிறார், இவனுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்ததே அந்த மகராஜன்தான். என் வீட்டில் விடு என்றேன். ஒரு நாள் விட்டாள். கல்லூரிக்குப் போகிற மகன் எனக்கு இருக்கிறான், சிவராஜ். "வயசுப் பையன் இருக்க வீட்ல பொம்பளப்பிள்ளைய விடுவியாட்டி, செத்த மூதி!" என்று சுடலைமுத்து கத்த, அன்றைக்கு இருளாயிக்கு விழுந்த அறையில் அவளுடைய முன்பல் ஒன்று கழன்று விழுந்தது. சம்மர் கேம்ப் என்றால் மட்டும் அவனுக்குச் சம்மதம். அவனுடைய சூப்பர்வைசர் பிள்ளைகள் போகிறார்களாம், அதனால் அது கௌரவமாம்.

ஆகவே இந்த வருஷம் ஏப்ரலிலேயே அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேம்ப் பார்க்கக் கிளம்பினேன். ஊர் முழுக்க பேனர். ரோபோடிக்ஸ், அபாகஸ், கீபோர்டு, ஹேண்ட்ரைட்டிங், நீச்சல். முதலில் போனது ஒரு ஏசி ரூம். அங்கே இருந்த பெண் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உங்க பசங்களுக்கு எதுல இன்ட்ரஸ்ட் மேடம்?" என்றாள்.

"எத்தனை மணிக்கு விடுவீக?" என்றாள் இருளாயி.

"பத்துலேர்ந்து பன்னெண்டரை மேடம். ரோபோடிக்ஸ்ல பசங்களே சின்னதா ஒரு கார் செஞ்சு ஓட்டுவாங்க."

"பன்னெண்டரைக்கு மேல வச்சுக்கிற மாட்டீகளா? சும்மா உக்காந்திருக்கட்டும். காரெல்லாம் வேணாம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நடந்தேன்.

நீச்சல் வகுப்பு காலையில் வெயில் ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது. அடுத்து ஒரு கராத்தே மாஸ்டர், கையில் பிரம்போடு வந்து நின்றார். "நம்மகிட்ட டிசிப்ளின்தாம்மா முக்கியம். ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருவானுங்க" என்றார் பெருமையாக. "அது வீட்லயே கிடைக்குது சார்" என்று சொல்லிவிட்டு இருளாயி செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மாஸ்டரை அதே பிரம்பால் விளாசவும் தோன்றியது.

கடைசியாகத் தொரப்பள்ளி ரோட்டில் மேகலா மிஸ் என்கிறவள் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து நடத்துகிற கேம்ப். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. வேன் உண்டு, சாப்பாடு மட்டும் கட்டிக்கொடுக்க வேண்டும். நேரத்தைக் கேட்டதும் இருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகுதான் மிஸ் மிச்சத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது. பெரிய பிள்ளைகளுக்குத் தனி பேட்ச், ஐந்து மணிக்கு மேலே.

"அதுக்குள்ள அவுக எந்திரிச்சிருவாகளே" என்றாள் இருளாயி.

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "இன்னாம்மா நீ, ஒரே ஒரு பொண்ணு. ஒரு மூலையில உக்காந்துகினு போவுது" என்று நான் மல்லுக்கு நின்றேன். ஒருத்தருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். வினிதா யோசிக்கவே இல்லை. "தம்பிய சேத்து விடும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றாள். இருளாயி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் சுபாஷை மட்டும் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கேம்ப் தொடங்கிக் கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மதியம் வினிதா ரசம் தாளிக்கும்போது மிளகாய் கருகிவிட்டது. அந்த நெடியில் இருமலை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாளாம், பிற்பாடு சொன்னாள். எனக்குக் கேட்டது ஒரே ஒரு இருமல். அடுத்ததாகக் கேட்டது பெல்ட்.

ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பெல்ட் விழுகிற சத்தம் கேட்கிறது, அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்கவில்லை. "கத்துடி! வாயைத் தொறந்து கத்துடி!" என்று கதவை உதைத்தேன். சிவராஜ் ஓடி வந்து தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்தது. வினிதா அடுப்புக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே நுழைந்த சிவராஜின் நெற்றியில் பெல்ட்டின் பக்கிள் விழுந்து ரத்தம் கொட்டியது. நான் அந்தப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? கதவைச் சாத்திவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான். நாசமாய்ப் போகிறவன், குறட்டை விட்டான்.

வேலை நேரத்தில் இருளாயியின் போன் லாக்கரில் இருக்கும். கம்பெனி வாசலுக்குப் போன் போட்டு, செக்யூரிட்டியிடம் கத்தித்தான் அவளை வரவைத்தேன். அவள் வந்து இறங்கியபோது வினிதாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மகளின் கையைப் பார்த்தாள். நெற்றியில் துண்டைக் கட்டியிருந்த சிவராஜிடம், "நீ கூட்டிட்டுப் போ தம்பி, நான் பின்னாடி வாரேன்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

லைன் வீட்டுப் பெண்கள் அவள் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சாந்தம்மா பழக்க தோஷத்தில், "மெதுவா போம்மா, தூங்கறாரு" என்று சொல்லிவிட்டாள். இருளாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் இரும்புக் கரண்டியையும் எடுத்தாள். அவன் காதுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடித்தாள் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் நாய்கள் குரைத்தன.

"எந்திரிடா! எந்திரி! எம்மகள ஒடிச்சுப்புட்டு உனக்கு ஒறக்கமாடா!"

அவன் எழுந்த வேகத்தில் அவள் வாயில் குத்தினான். அவள் விழவில்லை. தாம்பாளத்தின் விளிம்பால் அவன் முகத்தில் அறைந்தாள், மூக்கு உடைந்தது. அவளுடைய முடியைப் பிடித்து இழுத்து அடுப்பு மேடையில் மோதினான். அவள் கைக்குத் தோசைக்கல் கிடைத்தது. பெல்ட்டைத் தேடிய அவன் கையின் மேல் அதை இறக்கினாள். பிறகு முட்டியில். பிறகு எங்கே என்று பார்க்காமல் இறக்கினாள். லுங்கி பாதி அவிழ, அவன் தவழ்ந்து தெருவுக்கு வந்தான். சும்மா சொல்லக் கூடாது, நானும் என் பங்குக்கு விளக்குமாற்றால் நாலு வைத்தேன். மனசு குளிர்ந்தது.

போலீஸ் வந்தது. "என்னம்மா நடந்தது?" என்று கேட்ட பெண் இன்ஸ்பெக்டரிடம், "தூக்கத்த கெடுத்துட்டேன் மேடம்" என்றாள் இருளாயி, வாயிலிருந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. வினிதாவின் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, அதனால் அவன் மேல் போட்ட கேஸ் நிலைத்தது. அவன் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு இப்போது பர்கூர்ப் பக்கம் ஏதோ குவாரியில் இருப்பதாகக் கேள்வி. இந்தத் தெருவில் கால் வைத்தால் தெரியும் சேதி.

கேம்ப் முடிகிற நாளில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு வினிதாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் ஆடின, பாடின, சங்கிலிக் கருப்பு சாமி வந்தவர்கள் மாதிரி குதித்தன. கடைசியில் மேகலா மிஸ் மைக்கைப் பிடித்தாள். சிறந்த பிள்ளைக்கு ஒரு கோப்பை என்று சுபாஷை மேடைக்குக் கூப்பிட்டாள்.

"இந்த ஒரு மாசத்துல இவன் குரலை நாங்க யாரும் கேட்டதே இல்லை. ஓட மாட்டான், கத்த மாட்டான், ஒரு பொருள் கீழ விழாது. இப்படி வளர்த்த அப்பா அம்மாவுக்கு எல்லாரும் பெருசா கை தட்டுங்க!"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். சுபாஷ் தோளைக் குறுக்கிக்கொண்டான். கோப்பையை நெஞ்சோடு அழுத்தி, உதட்டின் மேல் விரலை வைத்து, அவ்வளவு கூட்டத்தையும் பார்த்து "உஷ்" என்று காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பிள்ளை, என்ன அழகு என்றாள் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி. அவள் கழுத்தை நெரிக்காமல் விட்டது என் புண்ணியம்.

இருளாயி எழுந்து மேடைக்கு ஓடினாள். மைக்குக்கு முன்னாலேயே மண்டியிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இல்லடா. இங்க எவனும் ஒறங்கலடா. கத்துடா, என் சாமி! கத்து!" என்று அழுதுகொண்டே கத்தினாள். மண்டபத்தில் சிரிப்பு நின்றது.

சுபாஷ் கோப்பையைக் கீழே வைத்தான், சத்தம் வராமல் வைத்தான். ஒரு கையால் அம்மாவின் வாயைப் பொத்தினான்.

"மெதுவாப் பேசும்மா" என்று கிசுகிசுத்தான். அது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.