கழிக்காமல் விட்ட இரண்டு எலக்ட்ரான்கள்

எனக்கு வேதியியல் கற்பித்த ஆசிரியரை, அவருக்கு வாழ்வில் ஒரே முறை வாய்த்த நல்ல நேரத்தில், தப்புக் கணக்குப் போட வைத்தேன். கை தவறி நடந்ததல்ல. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து செய்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில், பட்டப்படிப்புக்கு முந்தைய இண்டர்மீடியட் படித்தேன். ஒரு நாள் ஆசிரியர், குறிப்பிட்ட அளவு உப்பில் சோடியம் அயனியின் எடை எவ்வளவு என்று கேட்டார். சோடியம் எலக்ட்ரானை இழந்துதானே அயனியாகிறது என்று, அந்த எலக்ட்ரானின் எடையை நான் கழித்துக் காட்டினேன். அது நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இழந்த எலக்ட்ரான் குளோரினிடம் இருப்பதால் உப்பின் எடையும் மாறாது. அதைச் சொல்லித் திருத்தியிருக்கலாம். அவரோ சிரித்தார்.

"ஏண்டா, ஒங்கய்யா கடலை மூட்டை நிறுக்கையில, சாக்குல ஒட்டுன தூசியைக் கழிச்சுக்கிட்டுத்தான் காசு வாங்குவாரா?"

அன்று முதல் விடுதியில் என் பெயர் தூசி. பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒரு முறை அய்யா என்னைப் பார்க்க வந்தார். "தூசியோட அய்யா வந்திருக்காருடா" என்று வாசலில் ஒருவன் கத்தினான். அய்யா காதில் அது விழுந்தது. கொண்டுவந்த வேர்க்கடலையை அந்தப் பையனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

சென்னையில் படிப்பை முடித்து, அதே கல்லூரியில் அதே ஆசிரியருக்குக் கீழே, வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் உதவும் டெமான்ஸ்டிரேட்டராகச் சேர்ந்தேன். அவர் வகுப்புக்கு வருமுன் கணக்கைப் பலகையில் எழுதி வைப்பது என் வேலை. வந்ததும் குறிப்பு எதுவும் பார்க்காமல் அதைப் போட்டு முடிப்பது அவர் பெருமை. எலக்ட்ரானின் எடை வெறும் தூசி, கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்பதை அவர் வேதவாக்காகவே சொல்லி வந்தார். வேதியியலில் பெரும்பாலும் அது சரிதான். அணுக்கரு சிதைகிற சில கணக்குகளில் மட்டும் தவறிப்போகும். அவர் தவறுகிற இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

பட்டவகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். கிடைத்தால் அவர்தான் துறைத்தலைவர். பல்கலைக்கழகக் குழு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த நாளில், அவர் சொல்லியிருந்த கணக்கை விட்டுவிட்டு வேறொன்றை எழுதினேன். சோடியத்தின் ஓர் ஐசோடோப்பு பாசிட்ரானை உமிழ்ந்து நியானாகிறது. வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு?

பலகையைப் பார்த்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் மறதியில் மாற்றி எழுதிவிட்டதாக நினைத்திருப்பார். வந்தவர்கள் முன்னால் என்னைக் கடிந்துகொள்ள மனமில்லாமல் அதையே எடுத்துக்கொண்டார். சோடியம் அணுவின் எடையிலிருந்து நியான் அணுவின் எடையைக் கழித்து, மிச்சத்தை அப்படியே ஆற்றலாக மாற்றினார். சோடியம் அணுவின் எடையில் பதினோரு எலக்ட்ரான், நியானுடையதில் பத்து. மிஞ்சிய ஒன்றையும், அதே எடையுள்ள பாசிட்ரானையும் சேர்த்து இரண்டு எலக்ட்ரானின் எடையைக் கழித்திருக்க வேண்டும். கழிக்காததால் விடை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

நான் எழுந்தேன்.

"சார், தூசியைக் கழிக்கலீங்களே."

வகுப்பு சிரித்தது. குழுவில் ஒருவர் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் திருத்தினார்.

அனுமதி கிடைத்தது. தலைவராக வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, திருமயத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்குப் போனார். அங்கே அவர் குறிப்பைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார், கூட்டலைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல்வரிடம் போய், கணக்கை மாற்றியது நான்தான் என்றேன். யார் எழுதினால் என்ன, போட்டது அவர்தானே என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆசிரியரிடமே மன்னிப்புக் கேட்கத் திருமயத்துக்கு பஸ் ஏறினேன்.

பள்ளி வேப்பமரத்தடியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். மறதி அல்ல, சதி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"இப்ப நீ சொன்னதால அந்த வேலை எனக்குத் திரும்பி வருமா?"

"வராதுங்க சார்."

"அப்ப ஒன் மனசுல இருக்கதை எங்கிட்ட எறக்கி வச்சிட்டுப் போக வந்திருக்க. நான் சொமக்க மாட்டேன். இனிமே இங்கிட்டு வராத."

அவர் இருந்தவரை நான் அங்கே போகவில்லை. மன்னிக்காதது அவர் உரிமை. ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே இன்னொன்றைச் சொல்லத்தான். அன்று திரும்பி வந்த பஸ்ஸில், மரத்தடியில் அவர் முகம் சுண்டிப்போனதை நினைத்தபோது என்னுள் சிறு மகிழ்ச்சி ஒன்று எழுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவன் நான்.