மாமனாரின் இருதயமும் மாரியம்மன் உத்தரவும்

என் மாமனாருக்கு இருதயம் பழுதாகிவிட்டது என்று சேலத்து டாக்டர் சொன்னபோது அவர் அதை நம்பவே இல்லை. அறுபத்தைந்து வயதுவரை ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை என்பது அவருடைய வாதம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்ததும், மரியாதைக்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு விடச் சொல்லி டாக்டர் மூன்று முறை கெஞ்ச வேண்டியதாயிற்று.

உண்மை அவர் காலிலேயே தெரிந்தது. வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வரப்பில் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். கட்டிலைவிட்டு எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். டாக்டர் தண்ணீரில் விட்டுக் குடிக்கச் சொட்டு மருந்தைக் கொடுத்து, உப்பை நிறுத்தச் சொன்னார். மருந்தைத் தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மனிடம் பூக் கேட்காமல் அங்கே யாரும் கிணறு வெட்ட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இந்த விஷயத்தில் ஊருக்கே சட்டம் சொல்பவர் என் மாமனார். சிவப்பு வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக் கல்யாணத்தையே நிறுத்தியவர். அவர் மருந்துக்கும் பூக் கேட்டார். சிவப்பு வந்தது.

அவ்வளவுதான், மருந்துச் சீசா மாடத்துக்குப் போய்விட்டது. மறுபடி கேட்க அடுத்த வெள்ளிக்கிழமைவரை பொறுக்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் அம்மனையே நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் வீட்டுக்காரரோ, சாமி காரியத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டார். உப்பைப் பற்றி அம்மன் ஒன்றும் சொல்லவில்லையே என்று மாமனார் ஊறுகாயை வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பொறுக்க மாட்டாமல் கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்தைப் போய்ப் பார்த்தேன். பாவம் வந்தால் என்னோடு போகட்டும், நாளைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துவிடுங்கள் என்றேன். கூச்சல் போடுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் சிரித்தார்.

“நீங்களும் வந்துட்டீங்களா அம்மணி? சரிங்க, போங்க.”

மறுநாள் மாமனாரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அம்மன் எதிரே உட்கார வைத்தோம். ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பண்டாரம் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது, கல்யாணம் நின்றுபோன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டச் சொன்னார்.

நான் பாய்ந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் பாய்ந்தார். எங்கள் கை அதைத் தொடுவதற்குள் மூன்றாவது கை ஒன்று பொட்டலத்தை அள்ளிக்கொண்டது. எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டிய மனிதர், எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, மூச்சு இரைக்கச் சொன்னார்.

“அம்மா உத்தரவு குடுத்ததுக்கு அப்பறம் பிரிச்சுப் பாக்கறது குத்தமுங்க.”

பண்டாரம் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குத் திருநீறு கொடுக்க வந்த அவரோடு மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசியிருந்தார். என்ன பேசினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

 திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும், “அந்த மருந்த எடுத்துட்டு வா சாமி” என்று மாமனார் என்னிடம் சொன்னார். உயிர்மேல் பயமே இல்லாத பிடிவாதக்காரர் என்று அந்த வாரம் முழுவதும் அவர்மேல் எரிந்து விழுந்திருந்தேன். சொட்டு விடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரே மடக்கில் குடித்தார். பிறகு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசித் துளி விழும்வரை நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.